உள்ளே எழுதிய பெயர்கள்

மலர்க்கொடி புதுப் பென்டிரைவை அட்டையோடு மேசைமேல் வைத்தபோதே அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று குணசேகரனுக்குப் புரிந்துவிட்டது.

"ஞாயித்துக்கிழமையோட அப்பா தவறி வருசம் திரும்புது சார். சொந்தக்காரங்க எல்லாம் வராங்க. அவர் உங்ககிட்ட பேசுனத ஸ்பீக்கர்ல போடலாம்னு இருக்கோம்."

இராஜாங்கத்தின் மகள் அவள். நாகப்பட்டினத்தில் நர்ஸ். டியூட்டி முடிந்து அப்படியே வந்திருந்தாள்.

கீழ்வேளூருக்குக் கிழக்கே அந்த ஊரில் குணசேகரன் வீட்டுக்கு நிலம் அதிகம். அவன் அப்பா காலத்தில் வயலில் இறங்கியவர்களை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'நெட்டையன்', 'மேலத்தெருவான்' என்று ஏதாவது ஒன்று போதுமானதாக இருந்தது. கல்லூரியில் பாடம் நடத்தப் போன பிறகு குணசேகரனுக்கு அது உறுத்தியது. நல்ல ரெக்கார்டர் ஒன்று வாங்கி, கோடை விடுமுறைகளில் தெருத்தெருவாகப் போய் வயசானவர்களைப் பேசச் சொல்லிப் பதிவு செய்தான். நாற்றங்கால், மடை, கூலி, குத்தகை என்று அவர்கள் பேசினார்கள். பேசியவர் பெயர், தெரு, தேதி எல்லாவற்றையும் ஒவ்வொரு ஆடியோ ஃபைலுக்கு உள்ளேயே தட்டச்சு செய்தான். "வெளிய எழுதினா யாராவது மாத்திடலாம். உள்ள எழுதுனது அழியாது" என்று போன இடமெல்லாம் சொன்னான். ஒரு கருத்தரங்கில் அதைச் சொல்லிக் கைதட்டலும் சால்வையும் வாங்கினான். புத்திசாலிதான்.

பிறகு ஹார்டு டிஸ்க் நிறைந்தது. ஒலி துளியும் குறையாமல் ஃபைலை மட்டும் சுருக்கித் தரும் மென்பொருள் ஒன்றைப் போட்டான். ஒலி அல்லாத விவரங்களையும் வைத்துக்கொள்ளவா என்று அதில் ஒரு கட்டம் இருந்தது. அதை அவன் டிக் செய்யவில்லை. சுருங்கிய ஒலியையும் பழைய ஒலியையும் ஒத்துப் பார்த்தான். அச்சு அசலாக இருந்தது. திருப்தியாகப் பழையவற்றை அழித்தான். பெயர்கள் ஒன்றுகூட இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஃபைலின் தேதிகூடச் சுருக்கிய நாளாக மாறியிருந்தது, ஊரே ஒரே நாளில் பேசிவிட்டுப் போனது மாதிரி. மீட்கப் பார்த்தும் முடியவில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை.

"அது வந்து... சாப்ட்வேர்ல ஒரு சின்னப் பிரச்சினை" என்று ஆரம்பித்தான். தன் குரலே அவனுக்குப் பிடிக்கவில்லை. "இல்லம்மா. தப்பு என்னோடது. பேரெல்லாம் போயிடுச்சு."

"அப்பா பேச்சு?"

"பேச்சு அப்படியே இருக்கு. எது யாருதுன்னுதான் தெரியல."

மலர்க்கொடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அவர் குரல் எனக்குத் தெரியாதா? போடுங்க."

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. அப்படி இருந்ததற்காக உடனே கூசினான்.

ஒவ்வொன்றாகப் போட்டான். எல்லோரும் எடுத்த எடுப்பிலேயே விஷயத்தைப் பேசினார்கள். "இது செல்லதுரை மாமா" என்றாள். அடுத்ததற்கு, "அம்சம் பெரியம்மா." அதற்கடுத்து நடவைப் பற்றிப் பேசிய ஒரு கிழவியின் குரலுக்கு உதட்டைப் பிதுக்கினாள். "இவங்க யாருன்னு தெரியலையே சார். எந்தத் தெரு?"

அவனுக்கும் தெரியவில்லை. அந்தம்மா மடியிலிருந்து எடுத்துக் கொடுத்த வெள்ளரிப்பிஞ்சு நினைவிருந்தது. அதைத் தின்றதும் நினைவிருந்தது. முகம்கூட வரவில்லை. இப்படி இன்னும் எத்தனை பேரோ.

அடுத்த ஃபைலில் ஒரு ஆண் தொண்டையைச் செருமினார். மலர்க்கொடி நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

"எம்பேரு இராசா..."

"பேரெல்லாம் வேணாம்னு முன்னாடியே சொன்னேன்ல?" அவருக்கு மேலாக ஒரு குரல் வெட்டியது. குணசேகரனின் குரல்தான். "அத நான் எழுதிக்கிறேன். நேரா விஷயத்துக்கு வாங்க."

பதிவில் எங்கோ ஒரு காகம் கரைந்தது.

"சரிங்க சின்னய்யா" என்றார் இராஜாங்கம். பிறகு மடை திறப்பதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

ஒவ்வொருவரிடமும் பட்டனை அமுக்கும் முன் அவன் அதைத்தான் சொல்லியிருந்தான். பதிவு சுத்தமாக இருக்க வேண்டுமே! அவர்களும் சொன்னபடி கேட்டிருந்தார்கள். இவர் ஒருவர்தான் பெயரைச் சொல்லிப் பார்த்திருக்கிறார். குணசேகரனால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

"அந்த எடத்த இன்னொரு தடவ போடுங்க" என்றாள் மலர்க்கொடி.

பின்னுக்கு இழுத்தான். "எம்பேரு இராசா..." என்றதும், தன் குரல் வருவதற்குள் விரல் தானாக நிறுத்தியது.

"நிறுத்தாதீங்க சார். முழுசா ஓடட்டும்."

மறுபடி போட்டான். அவன் குரல் ஒரு இழைகூடத் தேயாமல் அறை முழுக்கக் கேட்டது. அதன் அடியில், கண்ணை மூடிக்கொண்டு, மலர்க்கொடியின் உதடுகள் அந்தப் பெயரின் மிச்சத்தைச் சொல்லி முடித்தன.