கதவுக்குப் பின்னால் ஒரு விரல் அகலம்

குளியலறைச் சுவரில் வெட்டி ஒட்டிய டைல்ஸ் துண்டு ஒன்றுகூடக் கண்ணில் படக்கூடாது என்று ஸ்கேல் சபதம் போட்டிருந்தார். இரண்டு பேர் நின்றால் மூச்சு முட்டுகிற அறைக்கு ஒரு சபதமா என்று கேட்பவர்கள் அவர் வீட்டுச் சமையலறையைப் பார்த்ததில்லை.

ஸ்கேல் என்பது அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயர். அடுத்தவர் கட்டடங்களுக்கு வரைபடம் போட்டே தலை நரைத்தவர். அப்பேர்ப்பட்டவர் சொந்தச் சமையலறைக்குத் திட்டம் போட்டபோது, ஒரு மூலையில் ஆரம்பித்து முழு டைல்ஸாகவே ஒட்டிக்கொண்டு போகச் சொன்னார். மறு மூலையில், அடுப்புக்குப் பக்கத்திலேயே, விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வரிசை வந்து நின்றது. மனைவி அதற்கு ஓட்டைப்பல் என்று பெயர் வைத்தாள். வீட்டுக்கு யார் வந்தாலும், குடிக்கத் தண்ணீர் கொடுக்கும் முன் ஓட்டைப்பல்லைக் காட்டிவிடுவாள். "இவருதான் ஆபீஸ்ல பெரிய பெரிய கட்டடத்துக்கெல்லாம் ப்ளான் போடுறவரு" என்று ஒரு பின்குறிப்பு வேறு. பல வருஷமாக இதைக் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது புளித்துப்போயிருந்தது.

குளியலறையை இடிக்க வேண்டி வந்தது வேறு காரணத்தால். பழைய வழவழப்புத் தரையில் மனைவி வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. எழுந்திருக்கவும் முடியவில்லை, எட்டித் திறக்கவும் முடியவில்லை. பக்கத்து வீட்டு டிரைவர் கடப்பாரையோடு வந்து கதவை நெம்பும்வரை ஸ்கேல் வெளியே நின்று "இதோ, இதோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வேறு எதுவும் அவர் வாயில் வரவில்லை.

அன்றிலிருந்து அவள் கதவைச் சாத்துவதே இல்லை. குளிக்கப் போனால் கதவைத் திறந்து போட்டுவிட்டு அவரை நடையில் காவலுக்கு நிறுத்துவாள். டைல்ஸ் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஸ்கேல் நம்பினார். டைல்ஸால் தீராத பிரச்சினையும் உலகத்தில் உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

வேலை நடக்கும்போது வீட்டில் இருக்க முடியாதென்று மனைவி தங்கை வீட்டுக்குப் போனாள். ஸ்கேல் களத்தில் இறங்கினார். சொரசொரப்பான தரை, பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி, வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் எல்லாம் ஒரே காலையில் முடிவாகிவிட்டன. அதெல்லாம் சில்லறை விஷயம். சுவர்தான் அவர் தூக்கத்தைக் கெடுத்தது.

ஹால் தரையில் டைல்ஸைப் பரப்பிச் சுவரையே படுக்கவைத்துப் பார்த்தார். நடுவில் ஜாயிண்ட் வந்தால் இரண்டு ஓரத்திலும் துண்டு விழுந்தது. நடுவில் முழு டைல் வைத்தால் குழாய் போய் ஜாயிண்டில் உட்கார்ந்தது.

"எங்கயாவது ஒரு துண்டு வந்துதான் சார் தீரும்" என்றார் டைல்ஸ் மேஸ்திரி. "சுவரை இழுத்தா நீட்ட முடியும்?"

"வரட்டும். ஆனா தெரியக்கூடாது."

கடைசியில் வழி பிறந்தது. கதவு உள்பக்கம் திறந்து, இடது சுவரின் ஓரத்தில் போய்ச் சாய்கிறது. துண்டுகளையெல்லாம் அந்த ஓரத்துக்குத் தள்ளிவிட்டால் கதவே மறைத்துக்கொள்ளும்! ஒட்டி முடித்த அன்று ஸ்கேல் வாசற்படியில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் முழு டைல். மேஸ்திரி அதே வாசற்படியில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டார்.

"அடுத்த பார்ட்டிக்குக் காட்டணும் சார். இப்படி ஒரு மூளையா!"

ஸ்கேலுக்குத் தலைகால் புரியவில்லை.

மனைவி திரும்பி வருகிற அன்று காலையில், அறையைத் திறந்துவைக்கும் கௌரவத்தைத் தனக்கே வழங்கிக்கொண்டார். உள்ளே போனார். கதவைச் சாத்தினார். கம்மோடில் உட்கார்ந்து நிமிர்ந்தார். எதிரே, கதவு விலகிய மூலையில், விரல் அகலத் துண்டுகள் தரையிலிருந்து கூரைவரை ஒன்றன்மேல் ஒன்றாக நின்று அவரைப் பார்த்து இளித்தன.

வரைபடத்தில் கதவைத் திறந்த மாதிரிதான் வரைவது வழக்கம். வாழ்நாள் முழுக்கத் திறந்த கதவுகளையே வரைந்த மனிதருக்கு, குளியலறைக்குள் போகிறவர்கள் அதைச் சாத்திக்கொள்வார்கள் என்பது தோன்றவே இல்லை. மேஸ்திரிக்குப் போன் போட்டார். "இறுகிடுச்சு சார். இனி உடைச்சாத்தான் உண்டு" என்றார் அவர்.

மதியம் மனைவி வந்தாள். செருப்பைக் கழற்றியதும் நேராகக் குளியலறை வாசலுக்குப் போய், ஒவ்வொரு மூலையாகத் துருவினாள்.

"என்னங்க, ஒரு துண்டுகூட இல்லையே!" என்றாள். "வர்றவங்ககிட்ட இனிமே இதைத்தான் காட்டணும்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் இத்தனை வருஷம் காத்திருந்தார். வந்தபோது அனுபவிக்க முடியவில்லை. அவள் குளிக்க டவலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் நடையில் நின்று தாழ்ப்பாள் சத்தத்துக்குக் காதைத் தீட்டினார். சத்தம் வரவில்லை.

"என்னங்க."

"சொல்லு."

"கதவு இப்படியே இருக்கட்டும். நீங்க அங்கயே நில்லுங்க." குரல் சுருங்கியிருந்தது. "தரை நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் சாத்த கை வரமாட்டேங்குது."

ஸ்கேல் தப்பித்தார். கதவு திறந்திருக்கும்வரை ஓட்டைப்பல் வெளியே வராது. ஆயுசு முழுக்க நடையில் நின்றால் போதும், மானம் காப்பாற்றப்படும். இந்தக் கணக்கு ஒரு நொடியில் புரிந்தது. மறு நொடியே இன்னொன்றும் புரிந்தது. அன்றைக்குத் தாழ்ப்பாளுக்குக் கீழே விழுந்தவள் இன்னும் எழுந்திருக்கவே இல்லை.

"கதவைச் சாத்தேன்" என்றார்.

"வேணாங்க."

"சாத்திப் பாரு. அதுக்குப் பின்னால ஒண்ணு இருக்கு."

"என்ன, பல்லியா?"

"பல்லி இல்ல. நீ பார்த்தா வீட்டுக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லுவ. நான் சாகுறவரைக்கும் சொல்லுவ."

உள்ளே ஒரு யோசனை நடந்தது. "நிஜமாவா?"

"நிஜமா. தாழ்ப்பாளும் போட்டாத்தான் நல்லாத் தெரியும்" என்று கூசாமல் ஒரு பொய்யையும் சேர்த்துக்கொண்டார். "நான் இங்கயேதான் நிக்கிறேன்."

கதவு கொஞ்சம் நகர்ந்து நின்றது. மறுபடி நகர்ந்து சாத்திக்கொண்டது. வெகுநேரம் கழித்து, டக்கென்று தாழ்ப்பாள் விழுந்தது. அப்புறம் சத்தமே இல்லை. ஸ்கேல் "இதோ, இதோ" என்று சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் உள்ளேயிருந்து சிரிப்பு வெடித்தது. "அய்யய்யோ, இங்கயும் முளைச்சிருச்சா! இதுக்கா இவ்வளவு நாளு! தங்கச்சிக்கு இப்பவே போன் பண்ணணும்!"

"முதல்ல குளி" என்றார் ஸ்கேல்.

குழாய் திறந்தது. தண்ணீர் சத்தத்துக்கு நடுவே சிரிப்பு அடங்குவதும் மறுபடி பொங்குவதுமாக இருந்தது. அவர் அசையாமல் நின்றார்.

"இன்னும் அங்க என்ன பண்றீங்க?" என்று சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். "போய் உங்க வேலையைப் பாருங்க."