மூன்றாவது மேடு

மழை வரும்போது எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள். கிரேடர்காரர் ரோட்டைத்தான் பார்ப்பார். மண் ரோட்டைச் சீவிச் சமன் செய்கிற அந்த நீள மூக்கு வண்டியை இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறவர். வானம் என்பது ரோட்டைக் கெடுக்க வந்த எதிரி, அவருக்கு அவ்வளவுதான். ஆனால் அன்று காலை பத்து மணிக்குக் கருமேகம் திரண்டபோது சமையலறை ஜன்னல் வழியாக அவர் பார்த்த பார்வையே வேறு. மூடி வைத்த தப்பு வெளியே வந்துவிடுமோ என்று பார்க்கிற பார்வை அது.

தப்பு இதுதான். அவர் வீடு சரிவின் உச்சியில் இருக்கிறது. வாசலிலிருந்து ரோடு நேராக இறங்கி, ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் கிடுகிடு பள்ளமுமாக ஒரு வளைவில் திரும்பிக் கீழே போகிறது. அந்த இறக்கத்தில் மூன்று இடத்தில் ரோட்டின் குறுக்கே சாய்வாக மண் மேடு போட்டிருந்தார். வேகத்தடை இல்லை. மேலிருந்து ஓடிவரும் தண்ணீரை மறித்து ஓரமாகத் தள்ளிவிடுகிற மேடு. வளைவுக்கு மேலே இரண்டு, வளைவைத் தாண்டி ஒன்று. "தண்ணி ரோட்டுல பத்தடி நடந்தா பரவாயில்ல. நூறடி ஓட விட்டா ரோட்டையே தூக்கிட்டுப் போயிடும்" என்று வேலைக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவர் காதிலும் ஓதுவார். மேட்டைத் தெரியாமல் சீவிவிட்ட ஒருவரை ஒரு வாரம் வண்டியில் ஏறவிடாமல் ஆபீஸ் தரையைக் கூட்ட வைத்தவர். ஜீப் ஓட்டுகிறவர்கள் சேர்ந்து அவருக்கு 'இடுப்பொடிச்சான்' என்று பேர் வைத்திருந்தார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அப்பேர்ப்பட்ட மனிதர்தான் ஆறு நாளைக்கு முன்னால் முதல் இரண்டு மேட்டையும் தன் கையாலேயே வழித்துத் தள்ளினார்.

மகள் நிறைமாதமாக வந்திருந்தாள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, வருவதற்கு இன்னும் ஒரு மாதம் ஆகும். போன வாரம் அவளை ஜீப்பில் ஏற்றிக் கீழே ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனார்கள். முதல் மேட்டில் ஜீப் ஏறி இறங்கியதும் அவள் உதட்டைக் கடித்தாள். இரண்டாவதில் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாவதில் "அப்பா" என்று கத்தியே விட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. பெற்ற மனம் பித்து என்பது சும்மாவா? மறுநாளே வண்டியைக் கொண்டுவந்து, மண் சீவும் பலகையை இறக்கி, பத்து நிமிடத்தில் இரண்டையும் காலி செய்தார். மூன்றாவதுக்குப் போவதற்குள் ஆபீஸிலிருந்து போன் வந்து வேறு வேலைக்கு ஓட வேண்டியதாயிற்று. மழைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, குழந்தை பத்து நாளில் பிறந்துவிடும், பிறகு திரும்பப் போட்டுவிடலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டார். மழைக்கு யார் போய் அந்தக் கணக்கைச் சொல்வது?

கிரேடர் இப்போது நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால், ரிப்பேருக்காகச் சக்கரம் கழன்று கிடக்கிறது.

முதல் துளி விழுந்து கால் மணி நேரம் ஆகியிருக்காது, உள் அறையிலிருந்து மனைவி வந்தாள். "என்னங்க, அவளுக்கு வலி ஆரம்பிச்சிடுச்சு. ஜீப்புக்குச் சொல்லுங்க."

"இன்னும் நாலு நாள் இருக்கே?"

"உள்ள இருக்கிறது ஆணோ பொண்ணோ, அது நாள் பாத்தா வரும்? போனைப் போடுங்க."

போட்டார். ஜீப்காரர் கீழே கடைத்தெருவில் இருந்தார், அரை மணியில் வருவதாகச் சொன்னார். போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினால், ரோட்டில் இரண்டு சக்கரத் தடத்திலும் இரண்டு வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது. செம்மண் தண்ணீர். ஓரமாக ஒரு சொட்டுக்கூட வழியவில்லை, நேரே வளைவைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அந்த வேகத்தில் போய்த் திரும்புகிற தண்ணீர் வளைவின் வெளிப்பக்கத்தைத்தான் அரிக்கும். ஜீப் மேலே வந்து திரும்புவதற்குள் அங்கே ரோடு இருக்குமா?

கொல்லைப்புறம் போய் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மக வலியில துடிக்கிறா, நீங்க மண்வெட்டியோட எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

சொல்லாமல் முடியாது. சொன்னார். இரண்டே வாக்கியம். அவர் வாயிலிருந்து வந்ததிலேயே கஷ்டமான இரண்டு வாக்கியம்.

"ஆபீஸ்ல சொல்லி எடுத்தாங்கன்னு நெனச்சேன். ஊருக்கெல்லாம் படிச்சுப் படிச்சுச் சொல்லுவீங்களே" என்றாள் மனைவி. திட்டுவாள் என்று நின்றார். அவளுக்கு அதற்கு நேரம் இல்லை. "கோழித்தீவனம் மூணு மூட்டை பிரிக்காம இருக்கு. எடுத்துட்டுப் போங்க. விறகையும் எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

ரோட்டில் இறங்கியதும்தான் தன் கைவேலையின் முழு லட்சணம் அவருக்குத் தெரிந்தது. சீவிய மண்ணை அன்று அவசரத்தில் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போயிருந்தார். அது ரோட்டின் விளிம்பில் வரப்பு மாதிரி நீளமாகப் படிந்து, தண்ணீர் ஓரமாக இறங்கவே முடியாமல் அடைத்துக்கொண்டு நின்றது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். இவர் வண்டி வைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

முதலில் வரப்பை வெட்டி வாய் திறந்தார். பிறகு பழைய மேடு இருந்த இடத்தில் மூன்று தீவன மூட்டையையும் சாய்வாக இழுத்துப் போட்டு, மேலே மண்ணை வாரி மிதித்தார். தண்ணீர் மூட்டையில் முட்டியது, தயங்கியது, அப்புறம் மெல்லத் திரும்பி ஓரத்து வாய் வழியாக விழுந்தது. பாதித் தண்ணீர்தான். மீதி இன்னும் போய்க்கொண்டிருந்தது. கீழே ஓடி, இரண்டாவது இடத்தில் விறகை அடுக்கி, கல்லை வைத்து, வெட்டிய மண்ணையெல்லாம் அதன்மேல் கொட்டினார். கையில் கொப்புளம் போட்டது. வீட்டிலிருந்து மகள் குரல் கேட்கும்போதெல்லாம் மண்வெட்டி தானாக வேகம் பிடித்தது. அவருக்கு அழுகையாக வந்தது. இந்த வயதில், இந்த மழையில், அழுதால் யாருக்குத் தெரியப்போகிறது என்று அழுதுகொண்டே வெட்டினார்.

ஜீப் சத்தம் கேட்டது. வளைவில் ஊர்ந்து, விறகு மேட்டில் ஏறி இறங்கி, மூட்டை மேட்டில் ஏறியது. சக்கரத்துக்கு அடியில் ஒரு மூட்டை டப்பென்று வெடித்துத் தீவனமெல்லாம் தண்ணீரில் கரைந்து ஓடியது. அந்த ஓட்டை வழியாக வாய்க்கால் மறுபடியும் பாய்ந்தது. கிரேடர்காரர் பாய்ந்து போய் இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அடைத்தார்.

ஜீப்காரர் தலையை நீட்டினார். "ஒரு வாரமா ரோடு வெண்ணெயாட்டம் இருந்துச்சு. மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா?"

"வளைவு எப்படி இருக்கு?"

ஜீப்காரர் முகத்தில் இருந்த கிண்டல் போய்விட்டது. "வெளிப்பக்கம் வாயப் பொளந்துக்கிட்டு இருக்குங்க. பாறைய ஒட்டி வந்தேன். ஒரு சாண் எடம் மிச்சம் இருக்கு. இன்னும் கொஞ்சம் அரிச்சா நான் பொறுப்பில்ல."

ஒரு சாண். ஜீப்பை வாசலில் திருப்பி நிறுத்தச் சொல்லிவிட்டு அவரும் பின்னால் ஓடினார்.

மனைவி மகளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பின்சீட்டில் படுக்க வைத்துத் தானும் ஏறிக்கொண்டாள். மகள் முகம் வெளுத்திருந்தது. "நீங்களும் ஏறுங்கப்பா" என்றாள்.

"நான் வரலடா. நான் வந்தா தண்ணியும் நம்ம பின்னாலயே வரும்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "எனக்குப் பயமா இருக்குப்பா."

"எனக்கும்தான். அம்மா கைய நல்லாப் புடிச்சுக்கோ. மேட்டுல தூக்கிப் போடும், தாங்கிக்கோ." கதவைச் சாத்தினார்.

ஜீப் நகர்ந்தது. மூட்டை மேட்டில் ஏறி இறங்கியபோது உள்ளேயிருந்து வந்த கத்தல் அவர் நெஞ்சில் இறங்கியது. மூட்டை மறுபடியும் பிதுங்கியது. பின்னாலேயே ஓடிவந்து மண்ணைத் தள்ளி, போதாமல் தானே அந்த ஓட்டையில் காலை வைத்து அழுத்தி நின்றார். இப்போது தண்ணீரை விட்டால் அது ஜீப்பை முந்திக்கொண்டு வளைவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

விறகு மேட்டில் இரண்டாவது கத்தல். மழைச் சத்தத்துக்கு நடுவிலும் தெளிவாகக் கேட்டது. ஜீப் பாறையை ஒட்டித் திரும்பி மறைந்தது.

இனி பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, கேட்பதற்குத்தான் இருக்கிறது. வளைவைத் தாண்டினால் அந்த மூன்றாவது மேடு. அதற்குக் கீழே கல் பாவிய ரோடு, ஆஸ்பத்திரி வரைக்கும் பயமில்லை. அன்றைக்கு போன் மட்டும் வராமல் இருந்திருந்தால் அதையும் சீவியிருப்பார். அவள் குரலைக் கேட்காமல் இருப்பதற்காகத்தான் மேட்டையெல்லாம் சீவினார். அதே குரல் கேட்க வேண்டும் என்று இப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கேட்கவில்லை.

மழை கொட்டியது. இன்னும் கேட்கவில்லை. அந்தத் தூரத்துக்கு இவ்வளவு நேரமா? ஓடிப்போய்ப் பார்க்கலாம், ஆனால் காலை எடுத்தால் தண்ணீர் போய்விடும். எங்கோ மண் சரிகிற சத்தம் பொதபொதவென்று கேட்டது. "கத்துடா" என்றார் வாய்விட்டு. "ஒரு தடவ கத்திடுடா."

"அப்பா."

மெலிசாக, வளைவுக்கு அப்பால் கீழே எங்கிருந்தோ வந்தது. பின்னாலேயே ஜீப்பின் ஹாரன் இரண்டு தடவை அடித்தது.

கிரேடர்காரர் அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்து, குரல் எழும்ப அழுதார். காலை மட்டும் அந்த ஓட்டையிலிருந்து எடுக்கவில்லை.