வியாழக்கிழமைக்குள் ஒரு மாணவி

பின்னூட்டத்தைப் படித்ததும், பிள்ளைகள் 'ஸ்மார்ட் சார்' என்று கூப்பிடும் கணக்கு சார் டீயைக் குடிக்காமலே கீழே வைத்தார். சிறந்த ஆசிரியர் விருதுக் குழு எழுதியிருந்தது: 'உங்கள் வலைப்பதிவில் வரும் கடைசி பெஞ்சுச் சிறுமியைச் சந்திக்க வியாழக்கிழமை வருகிறோம்.'

அப்படி ஒரு சிறுமி கிடையாது. வகுப்பறைத் தொழில்நுட்பம் பற்றி எழுதப்போய், வகுப்பில் மாட்டிய வெறும் தொடுதிரையை வைத்துக்கொண்டு எத்தனை பதிவுதான் ஓட்டுவது என்று அவர் பெற்றுப்போட்ட பிள்ளை அவள். முதல் பதிவில் எண்ணே தெரியாமல் விழித்தாள். தொடுதிரையில் விரல் வைத்த மாத்திரத்தில் பின்னங்களைக் கூட்டினாள். போன மாதம் ஆசிரியரையே திருத்தினாள். வாசகர்கள் உருகினார்கள். வெளியூர் ஆசிரியர்கள் தங்கள் பள்ளிக்கும் அந்தத் திரை வேண்டுமென்று மனுப் போட்டார்கள். இங்கேயோ, மாட்ட வந்த ஆள் இயக்கிக் காட்டிய அன்று எடுத்த புகைப்படங்களோடு சரி. தூசி படியக்கூடாதென்று திரைக்கு உறை போட்டுவிட்டார்கள்.

"யாரு சார் அந்தப் பிள்ளை?" ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலியிலிருந்த அறிவியல் டீச்சர், தாள் திருத்தியபடி தலை நிமிராமல் கேட்டார். "நானும் அதே வகுப்புக்குத்தான் போறேன். என் பாடத்துல மட்டும் ஒளிஞ்சிக்கிதா?"

சார் எழுந்து வெளியே போனார். முதல் மதிப்பெண் வாங்கும் மாணவியை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"வியாழக்கிழமை ஒருநாள் மட்டும், நான் முன்னாடி மக்கா இருந்தேன்னு சொல்லணும்மா. அவ்வளவுதான்."

"நான் எப்ப சார் மக்கா இருந்தேன்?"

"இருக்கல. இருந்த மாதிரி."

"எங்கம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்துருவாங்க சார்," என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

தூணோரம் இன்னொருத்தி நின்றிருந்தாள். வகுப்பில் பார்த்த முகம்தான். பெயர் நாக்கு நுனிவரைகூட வரவில்லை.

"அதுக்கு எதுக்கு சார் அவ? நான்தான் இருக்கேனே."

"நீயா?"

"கடைசி பெஞ்சுன்னு நீங்க எழுதுறது என்னைத்தானே. அம்மா ஒண்ணு விடாம படிச்சு, சித்தி, மாமான்னு எல்லாருக்கும் அனுப்பிட்டாங்க. நேத்து அப்பாவே வாயத் திறந்து கெட்டிக்காரின்னு சொன்னாரு." கொஞ்சம் தயங்கினாள். "இதெல்லாம் இன்னும் நடக்கலியேன்னு அம்மாகிட்ட கேட்டேன். சார் முன்கூட்டியே எழுதியிருப்பாருன்னு சொன்னாங்க. பின்னம் கூட்டுறது மட்டும் எனக்குச் சுத்தமா வராது சார். வியாழக்கிழமைக்குள்ள சொல்லிக் குடுத்துருவீங்கல்ல?"

அது நீயில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "சாயங்காலம் இரு," என்றுதான் வந்தது.

வகுப்பு காலியானதும் உறையைக் கழற்றித் திரையைப் போட்டார். அது கடவுச்சொல் கேட்டது. பள்ளியின் பெயரைப் போட்டார், தம் பெயரைப் போட்டார், வலைப்பதிவின் பெயரைக்கூடப் போட்டுப் பார்த்தார். மசியவில்லை. மாட்டிய ஆளின் தொலைபேசி அணைந்து கிடந்தது. கடைசியில், பின்னத்தைக் காகிதத்திலேயே மடித்துக் காட்டலாமென்று பழைய வினாத்தாள்களைப் பட்டை பட்டையாகக் கிழித்துக்கொண்டு இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். அரையாக மடிப்பது சுலபமாக முடிந்தது. அடுத்ததை மூன்று சமபாகமாக மடிக்க வேண்டும்.

"ஒரு பக்கம் பெருசாயிடுது சார்," என்றாள். "உங்களுது?"

அவருடையதும் அப்படித்தான் வந்திருந்தது. பிரித்தார், மறுபடி மடித்தார், நகத்தால் அழுத்தித் தேய்த்தார். விரலை எடுத்ததும் பட்டை மெல்லத் தானாக விரிந்துகொண்டது.