ஈர்க்குச்சி ஓட்டை

செங்கமலம் கத்திரிக்காய்க்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாள். விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்குச்சியைக் காம்புக்குக் கொஞ்சம் கீழே குத்தி, ஒரு திருகு திருகி, வெளியே இழுத்து, காயை அந்தப் பக்கக் கூடையில் போட்டாள். அப்புறம் அடுத்த காய். புழு பார்க்க வேண்டிய வேலையை ஒரு மனுஷி மெனக்கெட்டுப் பார்த்தால் பைத்தியம் என்றுதான் சொல்வார்கள். அது அவளுக்கும் தெரியும். அதனால்தான் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால், வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நாய் குரைத்தால்கூடக் குச்சி மடிக்குள் போய்விடும்.

ஏன் இந்தக் கூத்து என்றால், புதுக்கோட்டை உழவர் சந்தையில் அவளிடம் காய் வாங்க வருகிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. கத்திரிக்காய் மினுமினுவென்று இருந்தால் தொடமாட்டார்கள். ஓர் ஓட்டையாவது இருக்க வேண்டும். புழு துளைத்திருந்தால் அது மருந்து அடிக்காத காய், பிள்ளைகுட்டிகளுக்குத் தைரியமாகக் கொடுக்கலாம். புழுவே கிட்டே வரப் பயப்படுகிற காயை மனுஷன் எப்படித் தின்பது என்று கேட்பார்கள். கேள்வியில் ஒன்றும் தப்பில்லை. வல்லத்திராக்கோட்டையில் மருந்து வாடையே இல்லாமல் கத்திரி போடுகிறவள் செங்கமலம். சொத்தைக் காயை ஒளிக்காமல் மேலேயே பரப்பி வைப்பாள். சந்தையில் அவளுக்கு 'ஓட்டைக்காய் அக்கா' என்றே பெயர் விழுந்துவிட்டது. குவைத்தில் இருக்கும் புருஷன் கண்ணுசாமியிடம் போனில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

இந்த வருஷம் அந்தப் பெயருக்குத்தான் ஆபத்து வந்தது. கொழுந்தன் அருண்குமார் விதைக்கடையில் வேலை பார்க்கிறவன். ஒருநாள் ஒரு பிளாஸ்டிக் பையில் கத்திரி விதை கொண்டுவந்து கொடுத்தான். பைமேல் ஓர் எழுத்து கிடையாது. வெளிமாநிலத்து சிநேகிதன் ஒருவன் அனுப்பியதாம், சொத்தையே விழாதாம். கொழுந்தன் ஆசையாகக் கொடுக்கிறானே என்று அவளும் கொல்லை முழுக்க அதையே போட்டுவிட்டாள். இரண்டு பாத்திக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம். அந்த நேரத்தில் புத்தி எங்கே மேயப் போனதோ.

செடி வந்தது, பூத்தது, காய்த்துக் குலுங்கியது. ஒரு புழு இல்லை. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு ஒரு காயில் ஊசி முனை அளவுக்குக் கீறல் தெரிய, நகத்தால் பிளந்து பார்த்தாள். நூல் போல ஒரு புழு, கடித்த இடத்திலேயே செத்துக் கிடந்தது. அவளோ ஒரு சொட்டு மருந்து தெளிக்கவில்லை.  உடனே அருண்குமாருக்குப் போன் போட்டாள்.

"தம்பி, இது என்ன வெதை? புழு கடிச்ச ஒடனே செத்துக் கெடக்கு."

"மரபணு மாத்துன ரகமா இருக்கும் மதினி. காய்க்குள்ளயே புழுவைக் கொல்லுற மாதிரி பண்ணியிருப்பாங்க. அது புழுவுக்குத்தான். மனுசனுக்கு ஒன்னும் பண்ணாதுன்னு சொல்லுறாங்க."

"யாரு சொல்லுறா?"

"படிச்சவங்க சொல்லுறாங்க. வேணாம்னு சொல்லுறவங்களும் படிச்சவங்கதான். அது பெரிய சண்டை மதினி, நமக்கு எதுக்கு?"

"இருக்கும் இருக்கும்னா, ஒனக்கே நிச்சயமாத் தெரியாதா? பாக்கெட்டுல பேரு ஏன் போடல?"

அருண்குமார் குரலைத் தாழ்த்தினான். "நம்ம நாட்டுல இந்த மாதிரிக் கத்திரிக்கு அனுமதி இல்ல மதினி. பேரு போட்டா எப்படி விக்கிறது? நீங்க வெளியில சொல்லாதீங்க, அம்புட்டுதான்."

அம்புட்டுதான் என்று அவன் வைத்துவிட்டான். இவளுக்குத்தான் அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. சோற்றில் கை வைத்தால் புழு நினைப்பு, படுத்தால் புழு நினைப்பு. காயைப் பிடுங்கி எறியவும் மனசு வரவில்லை, பாடுபட்ட பாடு அப்படி. முதல் பறிப்பைச் சந்தைக்குக் கொண்டுபோனபோது, வந்தவர்கள் காயைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, நீங்களும் மருந்துக்குப் போயிட்டீங்களா?" என்று கேட்டு நகர்ந்தார்கள். இல்லை என்று சத்தியம் செய்தும் நம்பவில்லை. முக்கால் கூடை திரும்பி வந்தது. அன்று சாயங்காலம்தான் ஈர்க்குச்சி யோசனை வந்தது. மறுநாள் கூடை காலி. அதிலிருந்து தினமும் இதே பிழைப்பு.

"அம்மா, அங்கிட்டு என்ன பண்ணுற?"

மகள் இலக்கியாவின் குரல். செங்கமலம் குச்சியை ஒளித்தாள். இலக்கியாவுக்கு ஏழாம் மாசம். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

"காய் தரம் பிரிக்கிறேன்டி. நீ ஏன் வெயில்ல வாரே?"

"எனக்குக் கத்திரிக்காப் புளிக்குழம்பு வச்சுத் தா. வந்த நாளாக் கேக்குறேன். கொல்லை பூரா காய் தொங்குது, எனக்கு மட்டும் பருப்பும் ரசமும்."

"கத்திரிக்கா அரிக்கும். வயித்துப்பிள்ளைக்காரி திங்கக் கூடாது."

"எந்த டாக்டர் சொன்னாரு?"

"நான் சொல்லுறேன், போதாதா?"

இலக்கியா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பெற்ற மனசு தாங்குமா? "சரி சரி, நாளைக்கு வச்சுத் தாரேன்" என்று சொல்லிவிட்டாள். இலக்கியா உள்ளே போன பிறகு குச்சியை மறுபடி எடுத்தாள். ஒரு காயில் மூன்று ஓட்டை போட்டுவிட்டாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் கூடையோடு டவுன் பஸ் ஏறினாள். சந்தையில் காயைப் பரப்பினாள், கலைத்தாள், மறுபடி பரப்பினாள். கூட்டம் சேருவதற்குள் ஒரு வேலையை முடித்துவிட வேண்டும். பக்கத்துக் கடையில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் மூக்காயியிடம் போனாள். மூக்காயி போடுவது பழைய நாட்டுக் கத்திரி. நல்ல காயாகப் பார்த்துப் பொறுக்கி, ஒரு பையில் போட்டுக்கொண்டு திரும்பினால், எதிரே தேவிப்ரியா டீச்சர்.

தேவிப்ரியாவுக்குக் கையில் ஒரு சின்னப் பையன். வேறு யார் கடைக் காயையும் அவனுக்குச் சமைக்க மாட்டாள். ஓட்டைக்காய் அக்காவுக்கு இந்தச் சந்தையில் ஆள் பிடித்துக் கொடுத்ததே அவள்தான்.

"என்னக்கா, கத்திரிக்காக் கடை போட்டுட்டு இங்கிட்டு வந்து கத்திரிக்கா வாங்குறீங்க?"

"மக மாசமா இருக்கா டீச்சர். அவளுக்கு…" என்று ஆரம்பித்த செங்கமலம் பாதியில் நிறுத்தினாள்.

"அவளுக்கு ஒங்க காய் ஆகாதா?"

"சும்மா, ஒரு ருசிக்கு" என்று சமாளித்தாள். தேவிப்ரியாவும் சிரித்துவிட்டு அவளோடு கடைக்கு வந்தாள். குனிந்து, ஓட்டை உள்ள காயாகவே தேடித் தேடித் தட்டில் வைத்தாள். பையனிடமும் ஒரு காயைக் காட்டினாள். "பாத்தியா தம்பி, புழு தின்ன காய். நம்மளும் திங்கலாம்." அவன் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தான்.

செங்கமலத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. தன் மகளுக்கு ஆகாத காயை அடுத்தவள் பிள்ளைக்கு நிறுத்துக் கொடுக்கப் போகிறோமே, சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று தோன்றியது. சட்டென்று தட்டைக் கவிழ்த்துக் காயைக் கூடையிலேயே கொட்டினாள்.

"அத எடுக்காதீங்க டீச்சர். புழு போட்ட ஓட்டை இல்ல அது. நான் போட்டது. ஈர்க்குச்சியால."

தேவிப்ரியாவுக்கு முதலில் விளங்கவில்லை. செங்கமலம் எல்லாவற்றையும் கொட்டினாள்: பெயரில்லாத விதை, செத்த புழு, அருண்குமார் சொன்னது, அனுமதி இல்லாதது. காய் வாங்க வந்த நாலு பேர் நின்று கேட்டார்கள்.

"தின்னா என்ன ஆகும்?" என்று ஒருவர் கேட்டார்.

"தெரியலைங்க. ஒன்னும் ஆகாதுன்னும் சொல்லுறாங்க. நெசம்மா எனக்குத் தெரியாது."

"ஒன்னும் ஆகாமலே இருக்கலாம்க்கா" என்றாள் தேவிப்ரியா. கோபமாகத்தான் சொன்னாள். "வெதை எதுன்னு தெரியாதுன்னு சொல்லியிருந்தா, நான் யோசிச்சு வாங்கியிருப்பேன், இல்ல வேணாம்னு போயிருப்பேன். அது என் பாடு. நீங்க ஓட்டை போட்டு என் வாயை அடைச்சுட்டீங்களே. கேக்கவே விடலையே." பையனை இழுத்துக்கொண்டு போனாள். அவன் விரலைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே போனாள்.

மற்றவர்களும் கலைந்தார்கள். ஒரு கிழவர் மட்டும், இந்த வயசில் எனக்கு எந்தக் கத்திரி என்ன செய்துவிடும் என்று கேட்டார். அவருக்கும் செங்கமலம் நிறுக்கவில்லை. கூடையைக் கட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் எத்தனையோ நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கினாற்போலவும் இருந்தது. கொல்லையைப் பூராவும் அழித்துவிட வேண்டும், மகளுக்கு மூக்காயி காயில் குழம்பு வைக்க வேண்டும், அத்தோடு இந்தச் சனியன் தொலைந்தது என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தாள்.

இலக்கியா அடுப்படியில் இருந்தாள். அம்மா இவ்வளவு சீக்கிரம் வருவாள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. எதையோ முறத்தால் மூடினாள்.

"இந்தா, நாட்டுக் கத்திரி. குழம்பு வைக்கிறேன். நம்ம கொல்லைக் காய் மட்டும் வேணாம்டி." உட்காராமலே, நின்ற நிலையில், சந்தையில் சொன்னதையெல்லாம் மகளுக்கும் சொன்னாள்.  இலக்கியா முறத்தை மெதுவாக எடுத்தாள். கீழே ஒரு தட்டில் சுட்டுத் தோலுரித்த கத்திரிக்காய். உப்பும் பச்சை மிளகாயும் போட்டுப் பிசைந்திருந்தது. பாதி காலியாகியிருந்தது.

"நீ பஸ் ஏறுனதும் தெனமும் கொல்லையில ஒன்னு ரெண்டு பறிச்சுச் சுட்டுத் திம்பேன்" என்றாள் இலக்கியா. "அரிக்கும்னு சொன்னியா, மொத நாள் பயந்துக்கிட்டேதான் தின்னேன். அரிக்கவே இல்ல. சரி, அம்மா சும்மா பயமுறுத்துதுன்னு நெனச்சேன்."

செங்கமலம் மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா ஆகும்?"

"தெரியலடி."

சந்தையில் நாலு பேருக்கு நடுவில் இதே வார்த்தையைச் சொன்னபோது இவ்வளவு கனக்கவில்லை. இலக்கியா ஒரு கையை வயிற்றின்மேல் வைத்தபடி தட்டையே பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது செங்கமலத்துக்கு.

"அரிக்கும்னு சொல்லத் தெரிஞ்ச ஒனக்கு, தெரியலன்னு சொல்லத் தெரியலையாம்மா?"

செங்கமலம் எழுந்தாள். தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். "கெளம்பு, டாக்டரம்மாகிட்டப் போய் ஒளிக்காமச் சொல்லிக் கேப்போம்" என்றாள். அங்கே போனால் என்ன விதை என்று முதலில் கேட்பார்கள். போனை எடுத்து அருண்குமாரைக் கூப்பிட்டாள். மணி அடிக்கத் தொடங்கியதும் மகளுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டு, போனை இருவருக்கும் நடுவில் வைத்தாள்.