ஆத்தா வெச்ச கருவாட்டுக் குழம்பு

காசியம்மாள் அதியமான்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்ததே அடுப்படியைப் பிடிக்கத்தான். தம்பி குப்புராஜ் செத்து ஒரு வருடம், முதல் படையல்.

"எங்க ஆத்தா வெக்கற கருவாட்டுக் கொழம்புன்னா அவனுக்கு உசுரு. நானே வெக்கறேன், தள்ளு" என்று தம்பியின் மருமகள் அமுதவல்லியை ஓரங்கட்டினாள்.

அமுதவல்லிக்கு விஷயம் தெரியும். ஆத்தாவின் குழம்பு என்பது கொள்ளுத் தண்ணீரும் கருகிய வெந்தயமும் சேர்ந்த கஷாயம். தக்காளி விலை போகாமல் ரோட்டில் கொட்டிய வருடம் குப்புராஜின் மனைவி அதில் நாலு தக்காளி போட்டாள். அதற்கே ஆத்தா ஒரு மாதம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அமுதவல்லி வாக்கப்பட்டு வந்தபின் மாமனாரே அடுப்படி வாசலில் நின்று, "வெந்தயத்தத் தூக்கிப்போட்டுட்டு கொஞ்சூண்டு தேங்கா அரைச்சு ஊத்தும்மா. யாருகிட்டயும் மூச்சு வுடாத" என்றார். ஊற்றினாள். மனுஷன் வாய் நிறையச் சோற்றோடு, தெருவுக்கே கேட்க, "எங்காத்தா வெச்ச மாதிரியே இருக்குது!" என்று புளுகினார். சாகும்வரை புளுகினார். அந்த வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே கூட்டாளி அவர்தான்.

இப்போது உண்மையைச் சொன்னால் செத்த மனுஷன் பொய்யனாவார். சொல்லாவிட்டால் அவர் படையலில் அவருக்கே கஷாயம்.

மொட்டை மாடியில் இலை வைத்தார்கள். காக்கா வந்தது, தலையைச் சாய்த்துப் பார்த்தது, பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்குக்குப் போய்விட்டது. அது வாய் வைக்காமல் யாரும் சாப்பிடக் கூடாது. சொந்தக்காரர்கள் பசியில் கடுகடுத்தார்கள்.

"வாசமே அப்பாவுக்குப் புடிச்ச கொழம்பாட்டம் இல்லீங்களே அத்தை" என்றான் அமுதவல்லியின் கணவன் குரு.

காசியம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஆத்தா கைப்பக்குவம் எனக்கு வரலியே. எந்தம்பி பசியோட போறானே" என்று அழுதாள்.

அமுதவல்லிக்குத் தாங்கவில்லை. "பெரிம்மா, உங்க கையில தப்பில்லீங்க. உங்க ஆத்தா வெச்சதும் இதேதான். மாமாவுக்கு இது ஆவவே ஆவாது. நான் மாத்தி வெச்சதத்தான் இத்தன வருசமும் சாப்புட்டாரு."

குரு வாயைப் பிளந்தான். காசியம்மாள் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள்.

"எனக்கும்தான்டி ஆவாது. ஆத்தாகிட்ட எவ சொல்றது? கரண்டியாலயே சாத்துவா." மறுபடி அழுகை பொங்கியது, இந்த முறை கோபத்தில். "திருட்டுப்பய எங்கிட்டயாச்சும் சொன்னானா? அவன் வந்தா ரசிச்சுத் திங்கட்டும்னு, கட்டிக்கிட்டுப் போன நாள்லேருந்து எங்க வூட்டுலயும் இந்தக் கருமத்தத்தான்டி வெச்சுக்கிட்டிருக்கறேன்!"