முதலில் யார் போனை வைப்பது?

1
இந்தக் கதை எனக்குக் கிடைத்தது வேலைநிறுத்தப் பந்தலில், ஹரிஸா மிளகாய் விழுது தடவிய ரொட்டியைத் தின்றபடி அடுத்தவள் போனை ஒட்டுக்கேட்டபோது. உன்னத இலக்கியத்துக்கு வேறு பிறப்பிடம் இருக்கலாம்.

முதல் தொடக்கம்: ‘உலகம் ஒரு சிற்றூராகச் சுருங்கிய இந்நூற்றாண்டில்...’ அடித்துவிட்டேன். கருத்தரங்குக்குக் கூப்பிட்டால் உதவும்.

இரண்டாவது: பாரிஸில் துணி துவைக்கும் மெஷின் நின்றுபோனால், துனிசியாவின் துனிஸில் எங்கள் கால் சென்டரில் மணியடிக்கும். மொன்ஜியா ஏழு வருடமாக ‘சில்வி’ என்ற பெயரில் வருத்தம் தெரிவித்து வந்தாள். பக்கத்து நாற்காலியில் நான். போனில் என் பெயர் பிலிப். வேலையில் ஒரே சட்டம்: வாடிக்கையாளர் வைக்கும்வரை நாம் வைக்கக் கூடாது.

2
மொன்ஜியாவை வீராங்கனையாக்கத்தான் ஆசை. எங்கள் குரலைக் கேட்டே எங்களைப் போலப் பேசப் பழகிய இயந்திரத்தை உட்காரவைத்து எங்களை வெளியே தள்ளாதே என்று பந்தலில் முழங்கினாள். “நாம வாய மூடினா பாரிஸே ஊமை!” என்றாள். கைதட்டல். உடனே, “காத்திருந்ததுக்கு நன்றி, வேற ஏதாவது உதவி வேணுமா?” என்று முடித்தாள். (இதை வெட்டியிருக்கலாம். மனம் வரவில்லை.)

மறுநாள் மேற்பார்வையாளர் லஸாத் வாசலுக்கு வந்தான்.

“அக்கா, வீட்டுக்குப் போங்க. ஒரு போன்கூடத் தவறல.”

“யாருடா எடுக்கறா? நீயா? ‘அலோ’ன்னாலே உனக்கு வேர்க்குமே!”

“நீங்கதான் எடுக்கறீங்க. வேணும்னா அடிச்சுப் பாருங்க.”

3
அடித்தாள்.

“வணக்கம், நான் சில்வி.” அவள் குரலேதான். சளி மட்டும் இல்லை.

“நான்தான்டி சில்வி!”

“சிரமத்துக்கு வருந்துகிறேன். வேறு ஏதாவது உதவி வேண்டுமா?”

“வேணாம். போனை வை.”

இயந்திரம் வைக்கவில்லை. அவளிடம் படித்த பாடம் அது. மொன்ஜியாவும் வைக்கவில்லை. கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்கு மேலேயே நின்றது.

“வைங்கக்கா. இப்ப நீங்கதானே வாடிக்கையாளர்?” என்றேன்.

“முடியல பிலிப்.”

(என் பெயர் பிலிப் இல்லை.)

4
முடிவு அ: எல்லோரும் அந்த எண்ணுக்கு அடித்து, வைக்காமலே இருக்க, நிர்வாகம் மண்டியிட்டு— இல்லை. அந்த இயந்திரம் ஒரே நேரத்தில் பத்தாயிரம் பேரிடம் வருந்தும். எங்கள் போனில்தான் காசு தீரும்.

முடிவு ஆ: இயந்திரத்துக்குப் பெருமூச்சு சரியாக வரவில்லையாம். பதிவு செய்ய லஸாத் அவளை ஒரு நாள் வேலைக்குக் கூப்பிடுகிறான். (இது என் கற்பனை. அவன் காதில் போட்டுவிடாதீர்கள்.)

முடிவு இ: அவள் துணிந்து பொத்தானை—

என்னால் முடிக்க முடியாது. நானும் அங்கே வேலை பார்த்தவன். லைனில் மொன்ஜியா இருக்கிறாள், சில்வி இருக்கிறாள், நான் இருக்கிறேன். எங்கள் மூவருக்கும் வைத்துப் பழக்கமில்லை.

வாடிக்கையாளர் நீங்கள்தான். வையுங்கள்.