பின்னால் சேர்த்த சுவர்

தாபோடியில் ஆற்றை ஒட்டிப் பால் பண்ணை நடத்திய ஓர் ஆங்கிலேயன் கட்டிய வீடு அது. கருங்கல் சுவர், சரிவான ஓட்டுக்கூரை, புனே குளிருக்குத் தேவையே இல்லாத பெரிய கணப்படுப்பு. பல கை மாறிய அந்த வீட்டில் துரைசாமியும் மனைவி பவுனும் நாற்பது வருடமாக வாடகைக்கு இருந்தார்கள். துரைசாமி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட உரிமையாளர் அனுமதி கேட்டிருந்தார். பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் சேர்த்துவிட்டால் இடிக்க முடியாது. அதற்கு மாநகராட்சிக்கு ஓர் அறிக்கை தர வேண்டும். புனேயிலேயே கராடியில் வேலை பார்க்கும் ஆர்க்கிடெக்ட் ஸ்ரீவித்யா, தமிழ்ச் சங்கத்தில் பழக்கமான கோயம்புத்தூர்க்காரி, பவுன் கேட்டதும் ஒப்புக்கொண்டாள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் டேப் பிடித்து அளந்தாள். வெள்ளைக்காரன் கட்டியதற்கு வரைபடத்தில் ஒரு நிறம், பின்னால் சேர்த்ததற்கு இன்னொரு நிறம். வராந்தாவை மறைத்த செங்கல், கூரைமேல் சிமெண்ட் ஷீட், துரைசாமி எழுப்பிய சமையலறை எல்லாம் இரண்டாவது நிறத்தில் ஏறின.

"நாங்க கட்டினதையும் எழுதணுமா மேடம்?" என்றார் துரைசாமி.

"மறைச்சா மத்ததையும் நம்பமாட்டாங்க சார்."

வீட்டின் முழு நீளத்துக்கும் ஓடிய நடுச்சுவர் மட்டும் பழையதா புதியதா என்று அவளுக்குச் சந்தேகம். பூச்சைச் சுரண்டினால் தெரிந்துவிடும். ஆனால் மகள் கீர்த்தியின் நிச்சயதார்த்தத்துக்காகப் போன வாரம்தான் அதற்கு ரோஸ் கலர் அடித்திருந்தார்கள்.

"சுரண்டணுமா கண்ணு?" பவுனின் முகம் வாடிவிட்டது.

"வேண்டாங்க அக்கா, விடுங்க." தட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் சேர்த்த சுவர் என்று குறித்துக்கொண்டாள்.

மாநகராட்சி அதிகாரி அறிக்கையை நிதானமாகப் படித்தார். "உங்க வரைபடத்துப்படியே பாதிக்கு மேல புதுசு மேடம். அப்புறம் எதைக் காப்பாத்தறது?"

"ஜனங்க இருந்த வீடு சார். இருக்கறதுக்காக மாத்திக்கிட்டாங்க. அதுவும் வரலாறுதானே?"

அவர் அடுத்த ஃபைலை எடுத்தார்.

இடிக்கிற அன்று அவளும் போனாள். சாமான்கள் டெம்போவில் ஏறிக்கொண்டிருந்தன. இயந்திரத்தின் முதல் அடியில் நடுச்சுவரின் பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. உள்ளே கருங்கல். வெளிச்சுவரில் இருந்த அதே கல், அதே சுண்ணாம்பு. ஓடிப்போய் டிரைவரை நிறுத்தச் சொன்னாள். அவன் இடிப்பதற்கான அனுமதிக் காகிதத்தைக் காட்டினான். அதிகாரிக்குப் போன் செய்தாள். உத்தரவு போட்டாயிற்று என்றார்.

சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை. "அக்கா, அது பழைய சுவர்தான். நான் தப்பா எழுதிட்டேன். சரியா எழுதியிருந்தா ஒருவேளை..."

துரைசாமி தலையைத் திருப்பிக்கொண்டார். பவுன் அவள் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு நான் சுரண்ட விட்டிருந்தா?"

"இல்லீங்க அக்கா, தப்பு என்னோடது."

"பெயிண்டு போயிடுமேன்னு பார்த்தேன்," என்றாள் பவுன். ஸ்ரீவித்யா சொன்னது அவள் காதில் விழவேயில்லை. டெம்போ புது வாடகை வீடு இருந்த ஆகுர்டிப் பக்கம் கிளம்பிப் போனது.

ஒரு மாதம் கழித்துக் கீர்த்தி போன் செய்தாள். அவளுக்குத் தமிழ் தடுமாறும், இந்தி கலந்துவிடும். "அக்கா, அம்மா பேசறதே இல்ல. சாப்பாடுகூட டீக்கா சாப்பிடறதில்ல. நீங்க வந்து சொல்லுங்க, அவங்க தப்பு இல்லைன்னு."

"இந்த ஞாயித்துக்கிழமை வர்றேன்," என்றாள் ஸ்ரீவித்யா.

அந்த ஞாயிறும் போயிற்று, அதற்கடுத்ததும். கீர்த்தி மறுபடி அழைக்கவில்லை.